வசந்தாவின் அமர்வைப் பற்றி நான் கேட்ட கருத்துகள்

1. நாற்காலிகள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் இசை ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடத்துகிறது. அதில் ஓர் அறையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். சங்கத்தின் செயலாளர் ராமமூர்த்தி சார் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"லலிதா, தப்பா எடுத்துக்காதே. பின்னாடி காலியா இருக்கற சேரையெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? பக்கத்து ரூம்ல ஜனங்க நின்னுண்டே கேட்டுண்டிருக்கா."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் வந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பக்கத்து அறையின் சிரிப்பு உள்ளே வந்தது. அங்கே பேசிக்கொண்டிருந்தவள் வசந்தா.

வசந்தாவும் நானும் செம்பூரில் ஒரே ஆசிரியையிடம் பாட்டுக் கற்றவர்கள். எனக்கு சுருதி சுத்தம் என்று பெயர். அவளுக்கு அப்படி எதுவும் பெயர் கிடையாது. ஆனால் அவள் உள்ளே வந்தால் ஆசிரியையின் முகம் மலரும். நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவள் கல்யாணமாகிப் புனே போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு செம்பூருக்கே திரும்பி வந்து, வீட்டிலேயே வகுப்பு ஆரம்பித்தாள். என்னிடம் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளிடம் மாறிப்போனார்கள். "மிஸ், அவங்க வீடு பக்கம்" என்றார்கள். அவள் வீடு பக்கமெல்லாம் இல்லை.

மாநாட்டில் அவள் அமர்வு எடுப்பது அதுதான் முதல் தடவை. தலைப்பு: ஒரே அறையில் மூன்று நிலை மாணவர்கள். நேற்றுச் சேர்ந்த குழந்தையும், கீர்த்தனை பாடுகிற குழந்தையும், நடுவில் இருக்கிற குழந்தையும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பது விஷயம். மும்பையில் பாட்டுச் சொல்லித்தருகிற எல்லோருக்கும் உள்ள பிரச்சினை அது. சின்ன வீடு, ஒரே அறை, எல்லாக் குழந்தைகளுக்கும் டியூஷனுக்கும் ஸ்கூலுக்கும் நடுவே கிடைக்கிற ஒரே நேரம். அதைத் தலைப்பாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

2. அன்றைக்கே வாங்கிய ஃபார்ம்

சங்கத்தில் கருத்துச் சேகரிப்பது தொடக்கத்திலிருந்தே என் பொறுப்பு. மாநாடு முடிந்து எல்லோரும் செருப்புத் தேடும் நேரத்தில் ஆளுக்கொரு ஃபார்ம் கொடுப்போம். தாராவியிலிருந்து வருகிற கீபோர்டு ஆசிரியர்கள், கல்யாண், அம்பர்நாத் பக்கமிருந்து வருகிற சர்ச் பாடற்குழு ஆசிரியைகள், மாட்டுங்கா, செம்பூரில் வீட்டில் வகுப்பு நடத்துகிறவர்கள் என்று எல்லோரும் அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். தமிழ் எழுத வராத இளையவர்கள் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுவார்கள். எந்த மொழியில் எழுதினாலும் ஒரே விஷயம்தான்: நன்று, பயனுள்ளது, சாம்பார் பிரமாதம்.

அந்த வருஷம் ஒரு மாறுதல் இருந்தது. வசந்தாவின் அமர்வுக்கு நேராக 'சூப்பர்', 'மறுபடி வைக்கவும்', 'முழுநாள் வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் ஹிந்தியில் பக்கம் முழுக்க எழுதி, கீழே ஒரு பூவும் வரைந்திருந்தாள். என் அமர்வுக்கு நேராக 'நன்று' இருந்தது. 'ஏ.சி. அதிகம்' என்றும் இருந்தது.

ராமமூர்த்தி சார் அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் காலை அமர்வை வசந்தாவுக்குக் குடுத்துடலாமான்னு கமிட்டில பேசிண்டிருக்கா. நீ என்ன சொல்றே?"

காலை அமர்வு என்றால் பெரிய ஹாலில், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற அமர்வு. சில வருஷங்களாக அது என்னுடையதாக இருந்தது. அந்த வருஷம்தான் எல்லா அமர்வையும் சின்ன அறைகளுக்கு மாற்றிப் பார்த்தோம்.

"கைதட்டலை வெச்சு முடிவு பண்ணாதீங்கோ சார்" என்றேன். "ஹால்ல சிரிச்சுட்டுப் போயிடுவா. வகுப்புல போய் என்ன பண்ணினான்னு யாருக்குத் தெரியும்? ஒரு மாசம் போகட்டும். வந்தவா எல்லாருக்கும் நானே ஃபோன் பண்ணிக் கேக்கறேன்."

"இத்தனை பேருக்குமா? உனக்கு எவ்வளவு அக்கறை பாரு!" என்று நெகிழ்ந்துபோனார்.

வசந்தா சொல்லிக்கொடுத்த எதுவும் வகுப்பில் நிற்காது, ஒரு மாதத்தில் எல்லாம் கலைந்திருக்கும், அதை எல்லோர் வாயாலும் சொல்லவைத்துக் கமிட்டியின் முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

3. ஃபோனில் கேட்கிற விதம்

முதல் சில அழைப்புகள் வீணாயின. "வசந்தா மேடம் அமர்வு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்றார்கள். "என் அமர்வு?" என்றேன். அதற்கும் அதே பதில்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

பிறகு கேள்வியை மாற்றினேன். "மாநாட்டுக்குப் போயிட்டு வந்தப்புறம் உங்க வகுப்புல எதையாவது மாத்தினீங்களா?" அவ்வளவுதான். இப்படிக் கேட்டால் எதிர்முனையில் ஒரு அமைதி வரும். நாம் அவசரப்பட்டு எதுவும் பேசிவிடக்கூடாது. அந்த அமைதிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். இளைய நண்பர்களே, கருத்துக் கேட்கிற வேலை உங்களிடம் வந்தால் இந்த ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை எனக்குப் பிடித்ததாக இல்லை. மாற்றியிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். புதுக் குழந்தைகள் சரளி வரிசையை முதல் காலத்தில் மெதுவாகப் பாடிக்கொண்டே இருக்க, பெரிய குழந்தைகள் அதன்மேல் மூன்றாம் காலத்தில் வேகமாகப் பாடுவது. நடுவில் இருப்பவர்கள் தாளம் போடுவது. பிறகு 'தப்பைப் பிடி' என்று ஒரு விளையாட்டு. ஒரு குழந்தை பாடும்போது எங்கே பிசகுகிறது என்று மற்றக் குழந்தைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக் கையைத் தூக்க வேண்டும். எல்லாம் வசந்தா கொடுத்தது. குழந்தைகள் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகின்றனவாம்.

தாராவியில் கீபோர்டு வகுப்பு நடத்தும் மீரான் அதையேதான் சொன்னார். கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர் அவர். மற்ற நாட்களில் வகுப்பு. நான் நம்பாத குரலில் இரண்டு தரம் "அப்படியா" என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வந்து பாருங்க அக்கா. பஸ் ஸ்டாப்புல நானே வந்து நிக்கேன்" என்றார்.

போனேன். தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே ஒரு மாடி. கீழே மெஷின்கள் ஓடும் அதிர்வு காலில் தெரிந்தது. கீபோர்டுகள் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. கீபோர்டு கிடைக்காதவர்கள் வாயால் ஸ்வரம் சொல்ல, கிடைத்தவர்கள் அதற்கு மேலே வாசித்தார்கள். யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு பெண் நிஷாத ஸ்வரத்தைத் தப்பாக அமுக்கியதும் அத்தனை கைகளும் உயர்ந்தன. "கலத் ஹை, கலத் ஹை!" தப்பு, தப்பு என்று ஹிந்தியில் ஒரே கூச்சல். எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக இருந்தது என்பதால்தான் எரிந்தது.

வகுப்பு முடிந்ததும் மீரான் டீ வாங்கிக்கொடுத்தார். என் அமர்வைப் பற்றியும் கேட்க வேண்டுமே, கேட்டேன்.

"கோவப்படாதிய அக்கா. வசந்தா அக்கா ரூமுக்குப் போறதுக்கு முந்தி, ஒங்க பேச்சுல நான் ஒறங்கிட்டேன்."

"எந்த இடத்துல?" என்றேன். கருத்துச் சேகரித்துப் பழகிய வாய், தானாகக் கேட்டுவிட்டது.

அவர் யோசித்தார். "எங்களைப் பாட விடாம நீங்களே பாடிட்டு இருந்தியள்லா, அந்த இடத்துல."

அதையும் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வரியைப் பல தடவை படித்தேன். அமர்வு முழுக்க நானேதான் பாடிக்கொண்டிருந்தேன்.

4. ஸ்டெல்லா டீச்சர்

அம்பர்நாத்தில் ஒரு சர்ச்சின் சிறுவர் பாடற்குழுவுக்குப் பாட்டுச் சொல்லித்தருபவர் ஸ்டெல்லா டீச்சர். அவருக்கு ஃபோன் செய்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வழக்கமான அமைதி வந்தது. ஆனால் மற்றவர்களுடையதைவிட நீளமாக இருந்தது.

"நான் மறைக்காம சொல்லுதேன் டீச்சர். அந்தத் தப்பைப் பிடிக்கிற வெளையாட்டை மொதல்ல பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்சுது. இப்பம் ஒரே சண்டை. ஒரு பாட்டை முழுசாப் பாடி முடிக்க முடியல. ஒரு வரி பாடுறதுக்குள்ள பத்துக் கை மேல வந்துருது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்புறம்?"

"ஜெனின்னு ஒரு பிள்ளை. மெல்லிசாத்தான் பாடும், ஆனா நல்லாப் பாடும். அவளை ரெண்டு மூணு வாட்டி பிடிச்சிட்டாவ. இப்பம் வாயத் தொறக்க மாட்டேங்கா. வாரா, வரிசையில நிக்கா, உதட்டை மட்டும் அசைச்சிட்டுப் போயிருதா. அவ அம்மை எங்கிட்ட வந்து, 'வீட்டுல கூட பாட மாட்டேங்கா டீச்சர், என்ன செஞ்சிய?'ன்னு கேக்காவ."

மாதம் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். ஃபோனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மாற்றிச் சொல்ல முடியாது. டீ போட்டுக் குடித்தேன். குடிக்கும்போதுதான் உதட்டை மட்டும் அசைக்கிற அந்தக் குழந்தை கண்முன் வந்து நின்றது. என் பள்ளிக்கூடத்திலும் அப்படி நின்ற பிள்ளைகள் உண்டு. சந்தோஷம் போய்விடவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு எல்லோருக்கும் மறுபடி ஃபோன் செய்து ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டேன்: "வகுப்புல யாராவது பாடறதை நிறுத்திட்டாங்களா?" இன்னும் சில இடங்களில் அப்படி நடந்திருந்தது. யாரும் முதலில் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

5. கமிட்டி

எல்லாவற்றையும், சொன்னவர் பெயரில்லாமல் ஊரை மட்டும் போட்டு, எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்துக்கு முன்னால் ராமமூர்த்தி சார் படித்துப் பார்த்தார்.

"லலிதா, உன்னைப் பத்தி அந்தத் தாராவிக்காரர் சொன்னது... தூங்கிட்டேன்னு... அதை எடுத்துடலாமே. நன்னா இல்லை."

"இருக்கட்டும் சார்."

பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார் மனிதர். என்னுடையதை எடுத்தால் வசந்தாவுடையதையும் எடுக்கச் சொல்வார்கள். அவளுடையது நிற்க வேண்டுமென்றால் என்னுடையதும் நின்றாக வேண்டும். இதுதான் என் கணக்கு.

கூட்டத்துக்கு வசந்தாவையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்து படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டுப் பகுதியை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போனாள். ஸ்டெல்லா டீச்சர் சொன்ன பத்தியில் நின்றாள். இரண்டாம் தடவை படித்தாள். அவள் ஏதாவது சமாதானம் சொல்வாள், 'அவர்கள் சரியாகச் செய்யவில்லை' என்பாள், நான் அதற்கு ஒரு பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"யாருடி இந்த டீச்சர்? நம்பர் குடு" என்றாள்.

"அவாளைக் கேக்காம நம்பர் குடுக்க முடியாது. நம்பிச் சொல்லியிருக்கா."

"அப்போ கேளு. இப்பவே கேளு. அந்தக் குழந்தையை நான் பாக்கணும்."

அவளால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. 'ஒறங்கிட்டேன்' என்ற ஒற்றை வார்த்தையோடு நான் வாரக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மீரானிடம் 'நான் எப்படிச் சொல்லித்தந்திருக்கலாம்' என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இவளோ ரயிலேறப் புறப்பட்டுவிட்டாள்.

வெளியே போய் ஸ்டெல்லா டீச்சருக்கு ஃபோன் செய்தேன். தாராளமாக வரச் சொன்னார். "நீங்களும் வாங்க டீச்சர், ஒங்களைத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

6. அம்பர்நாத்

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, அம்பர்நாத் லோக்கலில் லேடீஸ் பெட்டியில் இடம் பிடித்தோம். தானே ஸ்டேஷன் தாண்டியது. பிறகு வசந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அந்த அம்பர்நாத் டீச்சர் எனக்கும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாடி. மாநாடு முடிஞ்ச மறுவாரம். 'மிக்க நன்றி மேடம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது' அப்படின்னு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை. நான் ரெண்டு தரம் 'எப்படிப் போறது'ன்னு கேட்டேன். 'சூப்பர்'னே பதில் வந்தது."

அவளே மேலே சொன்னாள்.

"என்கிட்ட யாரும் நிஜத்தைச் சொல்றதில்லை. சிரிச்சுட்டுப் போயிடறா. என் பொண்ணுகூட அப்படித்தான். உன்கிட்ட எப்படிடி சொல்றா? எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு."

இவ்வளவு சாதாரணமாக, பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்க, அதைச் சொல்லிவிட்டாள். எத்தனை வருஷமாக என் நாக்கில் இருக்கிற சொல் அது! பொறாமைப்படுவதைக்கூட அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள். 'எனக்கும்' என்று நான் சொல்லியிருக்கலாம். கல்யாண் வந்துவிட்டது, ஏறுகிறவர்கள் நெருக்கினார்கள். சொல்லவில்லை.

பூசை முடிந்து சர்ச்சின் பக்கத்து ஹாலில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். ஜெனி யாரென்று ஸ்டெல்லா டீச்சர் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவும் இல்லை. ஓரத்தில், தன் முன்னால் நிற்பவளின் பின்னலைப் பார்த்தபடி நின்ற பெண்.

வசந்தா பிள்ளைகளிடம் சொன்னாள்: "விளையாட்டுல ஒரு ரூலை நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே தப்புப் பாடறது டீச்சர் மட்டும்தான். நீங்க பிடிக்கறது டீச்சரை மட்டும்தான். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சா அவுட்."

பிறகு அவளே பாடினாள், வேண்டுமென்றே பிசகிப் பிசகி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைகள் பறந்தன. அதன்பின் ஒரு தப்பை மிக நுணுக்கமாக வைத்தாள். சுருதி ஒரு மயிரிழை கீழே இறங்கியது. எனக்குக் கேட்டது. பிள்ளைகள் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு கை, தோள் உயரத்துக்கு மட்டும், எழுந்தது.

ஜெனியின் கை. "கரெக்ட்!" என்று வசந்தா கத்தினாள். அந்தப் பெண் அன்றைக்குப் பாடவில்லை. கையை மட்டும்தான் தூக்கினாள். அடுத்தடுத்து நான் ஃபோன் செய்தபோதெல்லாம் ஸ்டெல்லா டீச்சர், "இன்னும் இல்ல" என்றார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அவரே கூப்பிட்டார். "பின்வரிசையில நின்னு பாடுதா டீச்சர். நான் திரும்பிப் பாக்கல. பாத்தா நிறுத்திருவா."

அதை வசந்தாவிடம் உடனே சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். வசந்தா கண்டுபிடித்த அந்த மாற்றம் எனக்குத் தோன்றியிருக்குமா என்று அன்று முழுக்க யோசித்தேன். தோன்றியிருக்காது.

7. கற்றுக்கொண்டது

அடுத்த வருஷம் காலை அமர்வு வசந்தாவுக்குத்தான் போனது. பெரிய ஹாலில் இடமில்லாமல் மாடிப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். விளையாட்டை எப்படித் தொடங்குவது என்பதோடு, எப்போது நிறுத்துவது, பாடாமல் போன குழந்தையை எப்படிக் கவனிப்பது என்பதையும் அவள் சொன்னாள். மதியம் எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். தோடியேதான். ஆனால் நான் ஒரு வரி பாடினால் அவர்கள் நான்கு வரி பாட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சிலர் வந்தார்கள். யாரும் தூங்கவில்லை. மீரான் வரவில்லை, மதியம்வரை நீண்ட வசந்தாவின் கேள்வி நேரத்திலேயே இருந்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வாசலில் வைத்துக் கருத்துக் கேட்காதீர்கள். நாள் கடந்து கேளுங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். உங்களைப் பற்றிச் சொன்னதையும் அதே எழுத்தில் எழுதுங்கள். சொன்னவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. வசந்தாவின் பெயரை யாராவது புகழ்ந்து சொன்னால் இன்றைக்கும் எனக்குள் ஒன்று சுருக்கென்று குத்துகிறது. அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது போன பிறகு நியாயமாக வேலை செய்யலாம் என்று காத்திருந்தால், நான் அந்த முதல் ஃபோனையே செய்திருக்க மாட்டேன்.